தொடர் கருச்சிதைவும் குருதி உறைதலும்

கருவுற்ற செய்தி கேட்டு மகிழ்ந்த குடும்பம், சில வாரங்களிலேயே அது கலைந்த செய்தியையும் கேட்க நேரிடுவது புதிதல்ல. ஒருமுறை கருச்சிதைவு ஏற்பட்ட பெண்களுள் பெரும்பாலானோர் அடுத்த முறை நலமாகவே பிள்ளை பெறுகின்றனர். ஆனால், நூற்றில் ஒரு தம்பதியர் அளவில், அடுத்தடுத்து மூன்று முறையேனும் கருவை இழக்கின்றனர். தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலுமே இத்தகைய பெண்ணின் துயரம் இரட்டிப்பானது. கிரகதோஷம், கண்ணூறு, பாரம் தூக்கியமை எனக் காரணங்கள் அடுக்கப்பட்டு, பழி முழுவதும் அவள் தலையிலேயே சுமத்தப்படுகின்றது.

நிறமூர்த்தக் குறைபாடு, கருப்பையின் அமைப்பு, தைரொயிட் கோளாறு, கட்டுப்பாடற்ற நீரிழிவு எனத் தொடர் கருச்சிதைவுக்குக் காரணங்கள் பலவுள. அவற்றுள், குருதிப் பரிசோதனையால் கண்டறியக்கூடியதும் சிகிச்சைக்கு நன்கு இணங்குவதுமான ஒன்றைப் பற்றி நாம் இங்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம். அதுவே அன்டிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம் ஆகும்.

நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய பிறபொருளெதிரிகள், இந்நோயில் உடலின் சொந்தக் கலங்களையே தாக்குகின்றன. குருதி உறையும் தன்மை அதிகரிக்கின்றது. தாயையும் சேயையும் இணைக்கும் சூல்வித்தகம் சரிவர உருவாகாது போகின்றது. அதன் நுண்ணிய குழாய்களில் குருதி உறைவதும் உண்டு. போசணையும் ஒட்சிசனும் கிடைக்காத நிலையில் கரு அழிகின்றது. இந்நோயினை 1983ஆம் ஆண்டு இலண்டனில் பேராசிரியர் கிரஹாம் ஹியூஸ் விளக்கியுரைத்தார். தொடர் கருச்சிதைவுக்குள்ளான பெண்களுள் ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடம் இப்பிறபொருளெதிரிகள் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

சிகிச்சை எளிமையானது. குறைந்தளவு அஸ்பிரின் மாத்திரையும், கர்ப்பம் உறுதியானதும் தோலின் கீழ் நாளாந்தம் ஏற்றப்படும் ஹெபரின் ஊசியுமே அது. 1997இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில், 90 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அஸ்பிரின் மாத்திரம் பெற்றோரில் 42 சதவீதத்தினர் உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுக்க, ஹெபரினும் சேர்த்துப் பெற்றோரில் 71 சதவீதத்தினர் பெற்றெடுத்தனர். ஹெபரின் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவைச் சென்றடைவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

எனினும், ஒருமுறை பரிசோதித்த மாத்திரத்தில் முடிவுக்கு வரலாகாது. சாதாரணத் தொற்றுநோயின் பின்னரும் இப்பிறபொருளெதிரிகள் தற்காலிகமாகத் தோன்றக்கூடும் என்பதால், 12 வாரங்களின் பின் மீண்டும் பரிசோதித்தே நோய் உறுதிசெய்யப்படும். அயலவர் சொற்கேட்டுத் தாமாகவே அஸ்பிரின் உட்கொள்வதும் தவறாகும். காரணம் அறியப்படாத தொடர் கருச்சிதைவில் இம்மருந்துகள் பயனளிப்பதில்லை என 2010இலும், பரம்பரை வழியான குருதி உறைதல் கோளாறுகளில் ஹெபரின் பயனளிப்பதில்லை என 2023இலும் வெளியான ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஹெபரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவதால், முஸ்லிம் சகோதரிகள் தயங்குவது இயல்பே. 2003ஆம் ஆண்டு மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் இஸ்லாமிய பிக்ஹ் மன்றம் இதனை ஆராய்ந்து, போதிய மாற்று மருந்து இல்லாதவிடத்துக் குறைந்த மூலக்கூற்று எடையுடைய ஹெபரினைப் பயன்படுத்தலாம் எனத் தீர்மானித்தது. தயக்கமுடையோர் வைத்தியரிடமும் உலமாக்களிடமும் கேட்டுத் தெளிதல் நன்று. சொல்லாமலே ஊசியை நிறுத்திவிடுவது ஆபத்தானது.

இந்நோய் மகப்பேற்றுடன் முடிந்துவிடுவதுமில்லை. கால் நாளங்களில் குருதி உறைதலுக்கும் இளவயதுப் பக்கவாதத்துக்கும் அது வழிவகுக்கலாம். ஆகவே பிரசவத்தின் பின்னரும் வைத்தியக் கண்காணிப்பு அவசியம்.

மூன்று முறை கருவிழந்த பெண்ணும், பத்து வாரம் கடந்த கருவைக் காரணமின்றி ஒருமுறையேனும் இழந்த பெண்ணும், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னரே மகப்பேற்று நிபுணரை நாடவேண்டும். தமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறினால் அவர் வழிகாட்டுவார். கணவன் உடன் செல்லவேண்டும். மாமியாரும் உறவினரும் பழிச்சொல்லைத் தவிர்க்கவேண்டும். பரிசோதித்து அறியவேண்டிய நோயொன்றினைப் பெண்ணின் குற்றமாக்கி, அவளது மணவாழ்வையே குலைக்கும் வழக்கம் இனியும் தொடர இடமளிக்கலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.