பௌத்தம்: முதல்ல படிக்கணுமா, தியானத்துல உட்காரணுமா?

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ரயில் ஏறினால், திருவனந்தபுரம், கொல்லம் தாண்டி அதே தடத்தில் செங்கன்னூர் வரும். அதன் அருகேதான் கோயங்கா மரபின் விபாசனா மையமான 'தம்ம கேதனா' இருக்கிறது. 10 நாள் பயிற்சி, கட்டணம் கிடையாது. ஆனா மொபைலை ஒப்படைச்சிடணும், பேசக் கூடாது, புத்தகம் பேனாகூடக் கூடாது. புத்தர் சொன்னதைப் படிக்கவே விடலைன்னா அது என்ன பௌத்தம்னு உங்களுக்குத் தோணலாம். ரொம்பப் பழைய கேள்விதான் இது.

பாலி மரபு படிப்பை 'பரியத்தி' என்றும், பயிற்சியை 'படிபத்தி' என்றும் பிரிக்கிறது. கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் கடும் பஞ்சம். நூல்களை மனப்பாடமாகவே காத்துவந்த காலம். பிக்குகள் இறந்தால் நூலும் போச்சு. பஞ்சம் ஓய்ந்த பிறகு, சாசனத்துக்கு வேர் படிப்பா பயிற்சியா என்று பிக்குகளுக்குள் வாதம் நடந்ததாக உரைநூல் சொல்கிறது. ஜெயித்தது படிப்பு. புதையல் இருக்கும் இடத்தைக் கல்லில் பொறித்திருந்தால், எழுத்து அழியாதவரை புதையல் தொலையாது என்பது அவர்கள் வாதம்.

நம்ம பக்கம் இதற்கு வேறொரு கனம் உண்டு. 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசர், சாதி இழிவு எப்படி வந்தது என்பதைப் பழைய தமிழ் நூல்களில் தேடினார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் தீட்சை பெற்று, மக்களுக்கு 22 உறுதிமொழிகள் தந்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' அவர் மறைந்தபின் 1957-ல் வந்தது. இங்கே பயிற்சின்னா கண்ணை மூடி உட்காருவது மட்டுமில்லை, சாதியை விட்டு வாழ்றதும்தான். ஆபீஸ் டென்ஷனுக்கு மருந்தா மட்டும் தியானத்தை எடுத்துக்கிட்டா இந்தப் பக்கம் கண்ணிலேயே படாது.

கோயங்காவும் படிப்புக்கு எதிரி இல்லை. இகத்புரியில் அவர் நிறுவிய ஆய்வு மையம் திரிபிடகத்தையே டிஜிட்டலாக்கி வெளியிட்டது. மூன்று 10 நாள் பயிற்சிகள் முடித்தவர்களுக்கு சதிபட்டான சுத்தப் பயிற்சி உண்டு. தியானத்தோடு சுத்தத்தையும் அங்கே படிக்கலாம். அதாவது, முதலில் உட்காரு, பிறகு படி.

போறதா இருந்தா 22 உறுதிமொழிகளை இப்பவே படிச்சிடுங்க, சில நிமிஷம்தான் ஆகும். மனநலச் சிகிச்சையில் இருக்கீங்கன்னா விண்ணப்பத்திலேயே மறைக்காம எழுதிடுங்க. 10 நாள் மௌனம் எல்லோருக்கும் ஒத்துக்காது.