கழற்றி வைக்கும் அடிமரம்: கட்டுமரம் முதல் டிரெய்லர் படகு வரை

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடல் கிடையாது. 1985-ல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடற்கரை கிழக்கே இராமநாதபுரத்தோடு போய்விட்டது. கரிசல் காடுதான் விருதுநகருக்கு மிஞ்சியது. ஆனாலும் சிவகாசியின் தீக்குச்சிக்கும் கடலில் மிதக்கும் கட்டுமரத்திற்கும் ஒரு சொந்தம் உண்டு. பெருமரம் என்று ஒரு மரம் இருக்கிறது. அதன் இலேசான, மென்மையான கட்டை தீக்குச்சி செய்யவும் பயன்பட்டது, கட்டுமரம் கட்டவும் பயன்பட்டது.

இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: ஈரம். குச்சி நமுத்துப் போனால் பற்றாது. கட்டை நீர் குடித்தால் சரியாக மிதக்காது. 1923-ல் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்ற அங்குள்ள வறண்ட வானிலை பெரும் துணையாக இருந்தது. கடற்கரை மக்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கண்ட வழி, படகையே பிரித்துக் காயவைப்பது. பாய்மரப் படகின் அடிப்பாகத்தைக் கழற்றிச் செப்பனிடும் இன்றைய வேலையின் வரலாற்றை இங்கிருந்தே தொடங்கலாம்.

ஏரா எதற்கு?

கப்பலின் அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் முதுகெலும்பு போன்ற மரத்தைத் தமிழில் 'ஏரா' என்பார்கள். ஆங்கிலத்தில் கீல். பாய்மரப் படகில் இதற்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு அந்தப் பக்கமே நகர்ந்துவிடாமல், நீருக்குள் ஆழமாக இறங்கிய ஏரா தடுக்கிறது. கனமான ஏரா படகு கவிழாமலும் காக்கிறது.

ஆனால் ஆழமான ஏரா உள்ள படகு ஆழமில்லாத கரைக்கு வர முடியாது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது, அலை நேரே மணலில் வந்து உடைகிறது. தூத்துக்குடியில் 1974-ல் புதிய துறைமுகம் வரும்வரை பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரம் போட்டன. சரக்கைத் தோணிகளே கொண்டுபோய் ஏற்றின.

கட்டுமரத்தின் விடை

இந்தக் கரைக்கு ஏற்ற விடைதான் கட்டுமரம். பல கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். நடுக்கட்டை சற்றுத் தாழ்ந்தும் பக்கக் கட்டைகள் சற்று உயர்ந்தும் இருக்கும். நிலையான ஏரா கிடையாது. பாய் விரிக்கும்போது ஒரு பலகையை நீருக்குள் இறக்கிக் கொள்வார்கள், கரை நெருங்கும்போது எடுத்துவிடுவார்கள். வேண்டும்போது மட்டும் இருக்கும் ஏரா என்று இதைச் சொல்லலாம்.

கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள். மறுபடி கட்டும்போது எந்தக் கட்டை ஊறிப்போயிருக்கிறது, எது அரித்திருக்கிறது என்று கைக்கும் கண்ணுக்கும் தெரிந்துவிடும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய நூல், இத்தகைய கலங்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாக உலகுக்குக் காட்டியது. 'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லே தமிழிலிருந்து போனதுதான்.

மேலை நாடுகளில்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் பால்சா மரத் தெப்பங்களின் இடைவெளிகளில் 'குவாரா' என்னும் பலகைகளை இறக்கியும் ஏற்றியும் திசை திருப்பினார்கள். ஐரோப்பியக் கப்பல் கட்டுமானத்தில் இந்த எண்ணத்தை வலியுறுத்தியவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஷாங்க். 1774-ல் பாஸ்டனில் நகரும் ஏரா கொண்ட ஒரு படகைக் கட்டினார். 1798-ல் கட்டப்பட்ட 60 டன் 'லேடி நெல்சன்' கப்பலில் இப்படி மூன்று ஏராக்கள் இருந்தன. அது 1800-ல் ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டிப் பாஸ் நீரிணை வழியாகச் சிட்னி சேர்ந்தது. 1811-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஸ்வெயின் சகோதரர்கள் படகின் அடி வழியாக இறங்கும் பலகைக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

வண்டியில் போகும் படகு

இருபதாம் நூற்றாண்டில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு படகுகள் வந்தன. 1969-ல் தயாரிப்பு தொடங்கிய 'கேட்டலினா 22' இதற்குப் பெயர் பெற்றது. பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. அதன் ஏரா சுமார் 250 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு. ஒரு முளையில் கதவுபோல் சுழலும் அதைக் கம்பி வடத்தால் தூக்குவார்கள்.

இரும்பு என்பதால் உப்புநீரில் துருப்பிடிக்கும். துரு உப்பி மேற்பரப்பு கரடுமுரடானால் படகின் வேகம் குறையும். முளைத் துளை தேய்ந்தால் ஏரா ஆடும். வடம் அறுந்தால் 250 கிலோ இரும்பு சட்டென்று விழுந்து படகின் அடியையே உடைக்கலாம். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

முதலில் படகை உயர்த்தி உறுதியாகத் தாங்கி நிறுத்துவார்கள். ஏராவைக் கட்டைகள் மேல் மெதுவாக இறக்கி, முளையைக் கழற்றி எடுப்பார்கள். பின் மணலைப் பீய்ச்சியடித்துத் துருவை நீக்குவார்கள். பளிச்சென்று வந்த இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி துருவேறத் தொடங்கும். எனவே அன்றே எபாக்ஸி பூச வேண்டும், ஈரமான நாளில் இந்த வேலை கூடாது. குழிகளை நிரப்பி, தேய்த்து வடிவம் சமன் செய்து, மறுபடி எபாக்ஸி பூசி, கடைசியில் பாசி பிடிக்காத பெயிண்ட் அடிப்பார்கள். தேய்ந்த முளையையும் வடத்தையும் மாற்றிவிட்டே திரும்ப மாட்டுவார்கள்.

முடிவாக

2004 டிசம்பர் 26 சுனாமியில் ஏராளமான கட்டுமரங்கள் அழிந்தன. நிவாரணமாகப் பெரும்பாலும் பைபர் படகுகளே வந்தன. அவை வேகமானவை, என்ஜினுக்கு ஏற்றவை, தினமும் அவிழ்க்கத் தேவையில்லாதவை. மீனவருக்கு உழைப்பு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் தினமும் அவிழ்த்துக் கட்டும்போது தானாகவே நடந்த சோதனை போய்விட்டது. மூடிக்கிடக்கும் இடத்தில்தான் ஈரம் தங்குகிறது. இரும்பு ஏராவை வைத்திருப்பவர் அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செலவு செய்து கற்றுக்கொள்கிறார். கட்டுமரக்காரர் அதைத் தினமும் மணலில் செய்துகொண்டிருந்தார்.