கீழ்ப்பாக்கம் என்னும் பெயர்

கீழ்ப்பாக்கம் சென்னை மாநகரின் ஒரு பகுதி. ஆயினும், சென்னையையே காணாத குறிஞ்சிப்பாடிச் சிறுவனும் தன் தோழனை ஏசும்போது அப்பெயரைச் சொல்லுகின்றான். ஊர்ப்பெயர் வசைச்சொல்லானது எவ்வாறு?

மனநோயாளர்க்கென அரசினர் அங்கு 1871-இல் ஒரு காப்பகம் நிறுவினர். அவர்கள் ஆங்கிலத்தில் இட்ட பெயருக்கும் 'பைத்தியக்காரர் விடுதி' என்பதே பொருள். 1922-இல் பலகையில் 'மனநோய் மருத்துவமனை' எனும் பெயர் ஏறிற்று. 1912-ஆம் ஆண்டுச் சட்டமோ தன் தலைப்பிலேயே 'பித்து' என்ற சொல்லைத் தாங்கி நின்றது. மக்கள் நாவும் மாறவில்லை. பலகையினின்று நீங்கிய இழிவு ஊர்ப்பெயரில் குடியேறிற்று.

இதனை வெறும் விளையாட்டுச் சொல் என்பாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். அப்பெயருக்கு அஞ்சி நோயாளரை மறைத்துவைத்த குடும்பங்கள் பல. இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், 6-8-2001 அன்று, தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்குச் சேர்த்ததில் வறுமைக்கும் நம்பிக்கைக்கும் பங்குண்டு. பழிச்சொல்லுக்கும் பங்குண்டென்றே கருதுகின்றேன்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுதலை அறவே விலக்கியது. உடலை வருத்தும் கொடுமையோடு, சொல்லால் இழைக்கும் கொடுமையினின்றும் காக்கப்பெறுதல் அவர்தம் உரிமையென அதே சட்டம் வகுத்துள்ளது.