கண்டம் செய்த மேசை

அலுவலகத்தில் எனக்குப் பிடிக்காத வேலை ஒன்று உண்டு: கண்டம் செய்யும் பட்டியல் தயாரிப்பது. உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி என்று வரிசையாக எழுதி, 'பழுது பார்க்கத் தகுதியற்றது' என்று குறித்துக் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். ஒருமுறை ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்றையும் அதில் சேர்த்தேன். ஓடுகிறதா என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை, நான் உள்பட.

லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் பழைய கன்சோலைப் பற்றிப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கூடம் அப்போது இ.எம்.ஐ. கம்பெனியுடையது. காரைக்காலில் எங்கள் வீட்டில் சுழன்ற, நாய்ப் படம் போட்ட இசைத்தட்டுகளும் அதே குடும்பத்துச் சரக்குதான். கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை. பிரெஞ்சுக்காரர்களின் பாத்தே மார்கோனியும் அவர்கள் கிளையே.

கன்சோல் என்பது பல மைக்குகளின் ஒலியை ஒரே இடத்தில் வாங்கி, கூட்டிக் குறைத்து, டேப்புக்கு அனுப்பும் மேசை. மிருதங்கம் எவ்வளவு, வயலின் எவ்வளவு என்று தீர்மானிப்பது அங்கேதான். அபே ரோட்டில் அதுவரை இருந்தவை வால்வு மேசைகள். 1968 கடைசியில் வந்த டி.ஜி. 12345 டிரான்சிஸ்டரில் ஓடியது. 24 மைக்குகள், 8 டிராக்குகள். மறு ஆண்டு பீட்டில்ஸ் குழு 'அபே ரோடு' இசைத்தட்டை இதில்தான் பதிவு செய்தது. ஒலிப் பொறியாளர் ஜெஃப் எமரிக்குக்கு முதலில் பிடிக்கவில்லை. வால்வின் முறுக்கு இதில் இல்லையாம். பிறகு அந்த மென்மையே பாட்டுகளுக்குப் பொருந்திவிட்டது.

சில ஆண்டுகளில் அதைக் கழற்றிவிட்டார்கள். பாகங்கள் சிதறின. எல்லா இடத்திலும் இந்தக் கதி இல்லை. 1977-இல் பாரிஸ் அருகே பாத்தே மார்கோனி கூடத்துக்கு வந்த ரோலிங் ஸ்டோன்ஸ், வசதியான அறை வேறு இருக்க, பழைய இ.எம்.ஐ. மேசை இருந்த அறையிலேயே பதிவு செய்தார்கள்.

அபே ரோட்டு மேசையைப் பின்னாளில் சிலர் தேடிச் சேர்த்தார்கள். அங்கே முன்பு வேலை பார்த்த பொறியாளர்களும் உதவினார்கள். ஒவ்வொரு சானலும் தனித்தனிப் பெட்டியாக உருவிச் செருகும்படி செய்திருந்ததால் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடிந்தது. இந்த வயதுச் சாதனங்களில் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், குமிழைத் திருகினால் கரகரக்கும். ஐந்தாண்டு உழைப்பு. 2024-இல் விற்பனைக்கு வந்தபோது சுமார் 70 சதவீதம் அசல் பாகங்களாம். மீதி 30 சதவீதத்தைச் சுட்டிக்காட்டி, 'இது அதே பொருள்தானா?' என்று எங்கள் தணிக்கைக்காரர் நிச்சயம் கேட்டிருப்பார். பாட்டு கேட்பவர் கேட்க மாட்டார்.

நான் பட்டியலில் எழுதிய ரெக்கார்டரில் பாதி சுற்றிய டேப் ஒன்று மாட்டியபடியே இருந்தது. அதையும் சேர்த்தே எடைக்குப் போட்டார்கள்.