புகையில் எடுத்த படி

ஒரு கோப்பைத் தரவிறக்கி வெட்டும் மெஷினுக்குக் குடுத்தால், நத்தார் அட்டையும் சின்னக் கடையின் பொங்கல் ஸ்டிக்கரும் தயார். இது புதுசு எண்டு நினைக்கிறம். அப்படியில்லை.

வட சீனக் கிராமங்களில் புத்தாண்டுக்கு யன்னல்களில் சிவப்புக் கடதாசிப் பூக்கள் ஒட்டுவார்கள். துர்பானுக்கு அருகே, அஸ்தானா கல்லறைகளில் 6ஆம் நூற்றாண்டுக் கடதாசி வெட்டுகளே கிடைத்துள்ளன. நல்ல மாதிரி ஒன்றை எப்படிப் படியெடுத்தார்கள்? அதை நனைத்து வெள்ளைக் கடதாசியில் ஒட்டி, எண்ணெய் விளக்கின் புகையில் பிடித்தார்கள். பிறகு உரித்தால், கரிக்கு நடுவில் அதே வடிவம் வெள்ளையாய்த் தெரியும். அந்தக் காலத்துக் கோப்பு அதுதான்.

2001இல் எஸ்.வி.ஜி. இணையத்துக்கான பொதுத் தரமாகியது. அது படத்தைக் கோடுகளின் கணக்காகச் சேமிப்பதால், எவ்வளவு பெருப்பித்தாலும் விளிம்பு பிசகாது.

சீனக் கடதாசி வெட்டுக்கலையை யுனெஸ்கோ 2009இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்த மாதிரிகளை முதலில் வெட்டிய கிராமத்துப் பெண்கள் பலரின் பெயர் எங்கும் இல்லை. புகை வடிவத்தைக் கடத்தியது, பெயரைக் கடத்தவில்லை.

இண்டைக்குக் கோப்போடு உரிமமும் வருகிறது. விற்பனைக்கு அனுமதி உண்டா எண்டு வாசியுங்கோ. அனுமதி இருந்தாலும், அதே பூ இன்னும் நூறு கடைகளில் இருக்கலாம். பண்டிகைக்கு அது போதும். கடையின் நிரந்தர அடையாளத்தை மட்டும் நீங்களே வரையுங்கோ.