களத்து மேட்டுக் கூலிக் கணக்கு

கூலியை நெல்லாக அளந்தால் விலைவாசி ஏறினாலும் வயிற்றுக்குக் குறையாது. ரூபாயாக வாங்கினால் விலை ஏற ஏறக் கூலி சுருங்கும். உங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதானே? தஞ்சை ஜில்லாவின் கதையும் இந்தக் கணக்கைச் சுற்றியதுதான்.

அங்கே ஒரு காலத்தில் பண்ணை சொன்னதுதான் கூலி. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்தார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரணமில்லாமல் ஆளை நிறுத்தக் கூடாதுன்னு ஆச்சு. ஆனால் நாளடைவில் பண்ணையாள் முறையே தேய்ந்து, அன்றாடக் கூலி பெருகிற்று. நிரந்தர ஆள் இல்லையென்றால் அவனுக்கென்று பாதுகாப்பு ஏதுங்க?

1960-களில் ஏ.டி.டி. 27 போன்ற புது ரகங்கள் வந்தன. மகசூல் கூடினால் எங்க பங்கும் கூட வேண்டாமா என்று ஆட்கள் கேட்டார்கள். தகராறு முற்றியது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகே, 1969-ல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

சட்டம் வர இத்தனை உயிர் போகணுமா? அரிவாள் எடுக்கும் முன்னாலேயே இரு தரப்பும் கூடி, நெல்லா பணமா, எவ்வளவு என்று பேசி எழுதி வையுங்கள். முன்னால் பேசினால் களத்தில் சண்டை வராது.