உஷ்ணம் தணித்த வரலாறு
1996-ஆம் ஆண்டில் திரீடிஎஃப்எக்ஸ் கம்பெனியார் வெளியிட்ட வூடூ என்னும் கிராபிக்ஸ் கார்டுகளைக் கையிலெடுத்துப் பார்ப்போருக்கு, அவற்றில் பெரும்பாலானவற்றின் சில்லுகள் விசிறியோ உலோகத் தகடோ இன்றிக் கறுப்புச் சதுரங்களாய் வெறுமனே அமர்ந்திருப்பது வியப்பாகவே இருக்கும். 1999-இல் வந்த என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 கார்டுக்கோ உஷ்ணம் தணிக்கச் சிறு விசிறி அவசியமாகிவிட்டது.

உஷ்ணத்தோடு நடந்த இந்தப் போராட்டத்தில் மிகுந்த அபகீர்த்தி அடைந்தது, 2003-இல் என்விடியா விற்பனைக்கு விட்ட ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. கம்ப்யூட்டர்ப் பெட்டியின் பின்புறத்திலிருந்து வெளிக்காற்றை உறிஞ்சி, செப்புத் தகடுகளின் ஊடே செலுத்தி, சூடேறிய அக்காற்றை மீண்டும் பின்புறமாகவே வெளியேற்றுவதென்ற அதன் ஏற்பாடு யுக்தியளவில் குற்றமற்றதே. ஆயினும், பக்கத்துக் கார்டுக்குரிய இடத்தையும் அடைத்துக்கொண்டு அது எழுப்பிய இரைச்சலைக் கேட்ட ஜனங்கள், தூசி உறிஞ்சும் யந்திரத்தின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டனர். கம்பெனியாரே அக்கார்டைச் சருகு ஊதும் கருவியில் பொருத்திப் பரிகாசப் படமொன்று எடுத்தனர். அத்தகைய பெருந்தன்மை வியாபாரிகளிடம் அபூர்வம்.

2010-இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 480 சுமார் 250 வாட் மின்சாரத்தை விழுங்கிற்று. 2014-இல் ஏஎம்டியின் ஆர்9 295எக்ஸ்2 500 வாட்டை எட்டியபோது, விசிறி மட்டும் போதாதென்று கண்டு, திரவம் ஓடும் குழாய்களையும் ரேடியேட்டரையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பினர். ஏற்பாடுகள் இவ்வளவு வளர்ந்தும், விசிறியின் இறக்கைகளில் அடையும் தூசிக்கும், சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே உஷ்ணம் கடத்தத் தடவப்பட்டுச் சில ஆண்டுகளில் உலர்ந்துபோகும் பசைக்கும் மட்டும், தூரிகையும் துணியும் புதுப் பசையுமே இன்றளவும் பரிகாரம்.